விளைச்சல் மாதத்துச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கணக்கு போடலாமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் என்று எந்தத் தோட்டப்புற ஊரை எடுத்துக்கொண்டாலும் வீட்டுக் கணக்கு உடைவது ஒரே பருவத்தில்தான். ஆண்டின் பிற்பாதியில் செம்பனைக் குலை நிறைய விழும். வெட்டுக்காரர் கையில் நல்ல காசு புரளும். அப்போதே தீபாவளியும் வந்துவிடும். கையில் இருப்பது அத்தனையும் துணிக்கும் பலகாரத்துக்கும் போய்ச் சேரும். புத்தாண்டு பிறந்ததும் குலை குறையும், மழை நாளில் வேலை நிற்கும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரம் இலை உதிர்த்துப் பாலும் சுருங்கிவிடும். பொங்கல், பள்ளித் திறப்பு, தைப்பூசம் மூன்றும் அந்த வறண்ட மாதங்களில்தான் வரிசையாக நிற்கின்றன. 2026-ல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டதால் நெருக்கடி இன்னும் கூடியிருக்கிறது.

ஆகவே இங்கே சிக்கனம் என்பது தேத்தண்ணியில் சீனியைக் குறைக்கும் வேலை அல்ல. கொழுத்த மாதத்துக் காசை மெலிந்த மாதத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

அடிப்படைச் சம்பளம் எது?

2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு இது அதே ஆண்டு ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. இதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிப்பார்கள். சமூகப் பாதுகாப்பு நிதியான சொக்சோவுக்கு 8.25, வேலைக் காப்புறுதிக்கு 3.30. கைக்கு வருவது 1,501 வெள்ளி சொச்சம். குலைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு நல்ல மாதத்தில் 2,200, 2,400 கூட வரலாம். ஆனால் வீட்டுக் கணக்கை அந்தத் தொகையில் போடக்கூடாது. கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த மாதம் ஆகக் குறைவோ அதுதான் உங்கள் சம்பளம். அதற்கு மேல் வருவதை வேறு ஆளுடைய காசு மாதிரி தனியே ஒதுக்க வேண்டும்.

சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் அதிகம். அது தவறு. பிடித்த பணம் சேமநிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பார்க்க அந்தச் சீட்டுதான் சாட்சி. ஒரு மாதச் சந்தாவை முதலாளி மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கைப்பேசியிலேயே சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். இரண்டு மாதம் விட்டுப்போனதை உடனே கேட்டால் சரியாகும். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் குத்தகைக்காரர் ஊரிலேயே இருக்கமாட்டார்.

ஆண்டுச் செலவை மாதச் செலவாக்குவது

பெரும்பாலான வீடுகளில் மாதச் செலவுக்குப் பட்டியல் உண்டு. அரிசி, மின்சாரம், பள்ளி வேன், டெலிபோன். கடனில் தள்ளுவது அந்தப் பட்டியல் அல்ல. வருடத்துக்கு ஒரு தடவை வரும் செலவுகள்தான். எப்போது வரும் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திடீர்ச் செலவு என்றே அவற்றைச் சொல்லிக்கொள்கிறோம். தீபாவளி திடீரென்று வருவதில்லை.

இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: தீபாவளிக்கு 1,500, பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப் பைக்கு 600, பொங்கலும் தைப்பூசமும் சேர்த்து 300, மோட்டார் சைக்கிள் காப்புறுதி, ரோட்டெக்ஸ் (சாலை வரி) வகையில் 250, டயர், செயின், பிரேக்குக்கு 250, கல்யாண மொய் 400, சாவு, ஆஸ்பத்திரி போக்குவரத்துக்கு 300. கூட்டினால் 3,600 வெள்ளி. மாதத்துக்கு 300. கைக்கு 1,500 மட்டும் வரும் மாதத்தில் 300-ஐ எடுத்து வைக்க எவராலும் முடியாது. முதல் மாதமே கை வைத்து, இரண்டாம் மாதம் உண்டியலை உடைத்துவிடுவார்கள். இந்தத் திட்டம் பல வீடுகளில் தோற்பது இதனால்தான்.

சமமாகப் பிரிக்காமல் பருவத்துக்குத் தக்கபடி பிரிக்க வேண்டும். குலை விழும் ஐந்து மாதங்களில் மாதம் 500 வைத்தால் 2,500. மற்ற ஏழு மாதங்களில் 160 வைத்தால் 1,120. மொத்தம் 3,620. கணக்கு சரியாகிவிடும். இந்தப் பணம் அன்றாடச் செலவுக்கான ஏ.டி.எம். அட்டை இல்லாத கணக்கில் இருக்க வேண்டும். தேசிய சேமிப்பு வங்கியான பி.எஸ்.என்.-இல் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, சம்பளம் வந்த அன்றே மாற்றிவிடுவது நல்லது. 'மாதக் கடைசியில் மிஞ்சுவதை வைப்போம்' என்றால் மிஞ்சவே மிஞ்சாது.

பள்ளிச் செலவில் ஒரு விஷயம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு அரசாங்கம் தரும் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி இப்போது வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் கிடைக்கிறது. இரண்டு பிள்ளைக்கு 300. அந்தக் காசு கைக்கு வரும் வாரத்திலேயே சீருடை வாங்கிவிட வேண்டும். மளிகைக் கடைக் கணக்கில் ஒரு தடவை போட்டுவிட்டால் பிறகு காலணிக்குக் கடன்தான்.

555 புத்தகம்

இந்த நாட்டில் வளர்ந்த எவருக்கும் 555 புத்தகத்தை விளக்கத் தேவையில்லை. மளிகைக் கடைக் கடனை எழுதும், சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. கடைக்காரரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. திறந்து பார்த்தால் தேதிக்கு எதிரே 'சாமான் 23.40', 'சாமான் 11.80', 'சாமான் 37.00' என்று வரிசையாக இருக்கும். என்ன சாமான், என்ன விலை என்று ஒரு வரி இருக்காது. கோளாறு அங்கேதான். 37 வெள்ளியில் 12 வெள்ளிக்கு ஐஸ்கிரீமும் நொறுக்குத் தீனியும் போயிருக்கும். பிள்ளை போய் 'அம்மா புத்தகத்தில் எழுதச் சொன்னாங்க' என்று சொல்லி வாங்கியிருக்கும். மாதக் கடைசியில் 600 வெள்ளி என்று தொகை வரும்போது அது எப்படி வந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலை நின்ற மாதத்தில் அரிசி தருகிறவரும் அவர்தான். அந்த உறவை முறித்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை. கடனைக் கட்டாமல் அடுத்த கடைக்குப் போவது அதைவிட மோசம். சின்ன ஊரில் தவுக்கேக்கள் (கடை முதலாளிகள்) எல்லாரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள்.

புத்தகத்திலிருந்து வெளியே வர வழி இதுதான். 600 வெள்ளி பாக்கியை ஒரே மாதத்தில் கட்டினால் அந்த மாதச் சாப்பாட்டுக்கு மறுபடி புத்தகத்தையே நீட்ட வேண்டியிருக்கும். பல வீடுகளில் இந்தச் சக்கரம் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடைக்காரரிடம் நேரே போய், 'அண்ணே, பழைய கணக்கை இன்னிக்கோட நிறுத்திக்குங்க. மாசம் 100 வெள்ளி ஆறு மாசத்துக்குக் கட்டிடுறேன். இனிமே வாங்கறது கைக்காசு' என்று சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். எப்போது வரும் என்று தெரியாத 600-ஐ விட ஒவ்வொரு மாதமும் உறுதியாக வரும் 100 அவருக்கும் நல்லது. கூடவே 'பிள்ளைங்க வந்து கேட்டா எழுதாதீங்க' என்றும் சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஆறு மாதத்தில் முதல் இரண்டு மாதம்தான் கஷ்டம். அதனால் இதைக் குலை அதிகமாக விழும் மாதத்தில் தொடங்குங்கள். பிப்ரவரியில் தொடங்கினால் மார்ச்சில் கைவிட்டுவிடுவீர்கள்.

கைக்காசுக்கு மாறியதும் வாரக் கணக்குக்கு வர வேண்டும். சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வருவதால் நம் மாதம் 1-ஆம் தேதி தொடங்குவதில்லை. 7-ஆம் தேதி தொடங்கி மறுமாதம் 6-ஆம் தேதி முடிகிறது. கடித உறை வைத்துப் பிரிப்பவர்கள் நான்கு உறை வைக்கிறார்கள். கடைசி இரண்டு மூன்று நாளுக்குக் காசு இருக்காது. அந்த மூன்று நாளில்தான் 555 புத்தகம் மறுபடி வெளியே வரும். ஐந்து உறை வையுங்கள். நான்கு ஏழு நாளுக்கு, ஐந்தாவது மிச்ச நாளுக்கு. ஐந்தாவதில் 50, 60 வெள்ளி இருந்தால் போதும்.

கைப்பேசியில் கியூ.ஆர். காட்டிக் கட்டும் வசதி வந்த பிறகு உறை முறைக்கு ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. காசு போவது கண்ணில் படுவதில்லை. இ-வாலட் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாரத்துக்கு இவ்வளவு என்று மட்டும் ஏற்றிவிட்டு, வங்கிக் கணக்கோடு தானாக ஏற்றும் வசதியை அணைத்துவிடலாம். வேறு வங்கி ஏ.டி.எம்.-இல் எடுத்தால் ஒரு தடவைக்கு ஒரு வெள்ளி பிடிப்பார்கள். 50, 50-ஆக ஆறு தடவை எடுத்தால் ஒரு பாக்கெட் சீனி, ஒரு பாக்கெட் எண்ணெய்க் காசு வங்கிக்குப் போனது மாதிரி.

சமையலறைச் சாமான்

கட்டுப்பாட்டு விலைப் பொருள்களின் விலை மனப்பாடமாக இருக்க வேண்டும். உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. ஒரு கிலோ பிளாஸ்டிக் பாக்கெட் சமையல் எண்ணெய் 2.50. மணல் சீனி கிலோ 2.85. சமையல் எரிவாயு கிலோ 1.90, அதாவது 14 கிலோ தோம்பு 26.60. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டும் கூலி தனி. போத்தல் எண்ணெய் கிலோவுக்குப் பாக்கெட் எண்ணெயைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். பொரிக்கவும் தாளிக்கவும் பாக்கெட் எண்ணெய் தாராளமாகப் போதும். சிக்கல் என்னவென்றால் பாக்கெட் எண்ணெயும் உள்நாட்டு அரிசியும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. சரக்கு இறங்கும் நாளைக் கடைப் பையனிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அரிசியில் மட்டும் பேராசைப்படக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் வண்டு வந்துவிடும். காய்ந்த மிளகாய் நாலைந்தை அரிசி டின்னில் போட்டு வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும்.

எரிவாயுத் தோம்பில் ஏமாறுகிறவர்கள் உண்டு. தோம்பின் கழுத்துப் பட்டையில் வெறும் தோம்பின் எடை குத்தியிருக்கும். அதோடு 14-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். குளியலறைத் தராசு இருந்தால் போதும், வந்த தோம்பு நிறைந்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். எடையைக் கேட்கும் வீடு என்று ஒரு தடவை தெரிந்தால் அடுத்த தடவை சரியான தோம்புதான் வரும். எரிவாயு சீக்கிரம் தீர்ந்தால் முதலில் ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் பாருங்கள். சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தால் போதும். தீக்குச்சி வைத்துப் பார்க்கக் கூடாது. பருப்பை இரவே ஊறவைத்து, பிரஷர் குக்கரில் வேகவைத்தால் நேரம் பாதியாகக் குறையும். ஒரு தோம்பு கூடுதலாக ஒன்றிரண்டு வாரம் வரும்.

மசாலாத் தூளை வீட்டுக்கு அரைப்பது இன்னும் லாபம்தான். மல்லி ஒரு கிலோ, காய்ந்த மிளகாய் அரை கிலோ, சீரகமும் சோம்பும் 150 கிராம் வீதம், மிளகு 75, மஞ்சள் 75. ஒவ்வொன்றையும் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகே மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். மல்லி ஈரமாக இருந்தால் தூள் மூன்று வாரத்தில் கட்டி பிடித்துப் பூஞ்சை பூக்கும். மழைக்காலத்தில் அரைக்கப் போகாதீர்கள். அரைத்த தூளைச் சூடாறும் முன் மூடினாலும் அதே கதிதான்.

மலிவு என்று ஈப்போவுக்குப் போய்ப் பேரங்காடியில் வாங்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுங்கை சிப்புட்டிலிருந்து போய்வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காரில் போனால் ஐந்து லிட்டர் பெட்ரோல். 2025 செப்டம்பர் 30 முதல் அடையாள அட்டையான மைகார்டைக் காட்டினால் லிட்டர் 1.99-க்குக் கிடைத்தது. அந்த விலைக்கே 10 வெள்ளி. குடும்பத்தோடு போனால் அங்கே பசியாற 40 வெள்ளி. சாமானில் மிச்சம் பிடிப்பது 25, 30 இருக்கும். உல்லாசமாகப் போய்வர நினைத்தால் போய்வரலாம். ஆனால் அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு காரில், பட்டியலோடு, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய்வந்தால் கணக்கு மாறும். பருப்பு, சோப்பு, பால்மாவு மாதிரிக் கெட்டுப்போகாத சாமானுக்கு மட்டும். பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள். ஒரு கிலோவாக இருந்த பொட்டலம் பல இப்போது 900 கிராம், 850 கிராம் என்று சத்தமில்லாமல் இளைத்துவிட்டன.

அரசாங்கத்தின் சாரா உதவித் தொகை மைகார்டில் ஏறும் வீடுகள் ஒரு காரியம் செய்யலாம். அந்தப் பணத்தைப் பதிவு பெற்ற கடையில் சாமானாகத்தான் எடுக்க முடியும், கைக்காசாக வராது. அதனால் அரிசி, எண்ணெய், சோப்பு என்று வழக்கமாக வாங்குவதையே அதில் வாங்குங்கள். வாங்கிய தொகைக்குச் சமமான கைக்காசை அன்றே சாமான் உறையிலிருந்து எடுத்து ஆண்டுச் செலவுக் கணக்கில் போடுங்கள். அப்படிச் செய்தால்தான் அது சேமிப்பு. இல்லாவிட்டால் அந்த மாதம் கூடுதலாக மூன்று பிஸ்கட் டின் வீட்டுக்கு வந்திருக்கும், அவ்வளவுதான்.

மின்சாரத்தில் மறைந்திருக்கும் படிக்கட்டு

2025 ஜூலையில் மின்கட்டண முறை மாறியது. பலர் இன்னும் பழைய கணக்கில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது ஒரு யூனிட்டுக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்து 44.43 சென். அதில் சிக்கனமாகப் பயன்படுத்துவோருக்குக் கழிவு உண்டு. 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 25 சென் கழிவு, 250 வரை 24.5, 300 வரை 22.5, 350 வரை 21, 400 வரை 17. கவனிக்க வேண்டியது இதுதான்: கழிவு அந்தப் படிக்கு மேல் போன யூனிட்டுக்கு மட்டும் குறைவதில்லை. மொத்த யூனிட்டுக்கும் குறைந்துவிடுகிறது.

350 யூனிட் எரித்த வீட்டுக்கு ஏறக்குறைய 82 வெள்ளி. 351 எரித்த வீட்டுக்கு 96 வெள்ளி. ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 வெள்ளி! 400-லிருந்து 401-க்குப் போனால் 10 வெள்ளி ஏறும். 300-ஐத் தாண்டினால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு சேரும். 600-ஐத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் எரிபொருள் சரிக்கட்டுத் தொகையும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே கண்மூடித்தனமாக எல்லா விளக்கையும் அணைத்துக்கொண்டு இருட்டில் உட்கார வேண்டாம். கடந்த மூன்று பில்லை எடுத்து, எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 360, 370 எரிக்கும் வீடு 20 யூனிட் குறைத்தால் மாதம் 17 முதல் 20 வெள்ளி மிச்சம். 330 எரிக்கும் வீடு 10 யூனிட் குறைத்தால் இரண்டரை வெள்ளிக்கும் குறைவுதான். கஷ்டப்படத் தேவையில்லை.

20 யூனிட் எங்கே கிடைக்கும்? 70 வாட் காற்றாடி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 25 யூனிட். ஆளில்லாத அறையில் சுற்றும் காற்றாடி ஒன்றை நிறுத்தினாலே கதை முடிந்தது. இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் ஒரு சட்டை தேய்க்காமல் வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகத் தேய்த்தால் சூடேறும் மின்சாரம் மிச்சம். ரைஸ் குக்கரைக் காலையில் வைத்து மாலை வரை 'சூட்டிலேயே' விடுவது, கதவு ரப்பர் தளர்ந்த பழைய குளிர்பெட்டி, இரண்டும் சத்தமில்லாமல் தின்பவை. குளிர்பெட்டிக் கதவிடுக்கில் ஒரு வெள்ளி நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டிய நேரம். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 100 முதல் 180 யூனிட் வரை போகும். ஏர்கோன் உள்ள வீடு இந்தப் படிக்கட்டில் இரண்டு மூன்று படி ஏறித்தான் நிற்கும். அதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும், வாங்கிய பிறகு அல்ல. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தோட்டமே மின்சாரம் கொடுத்துத் தனிக் கணக்கில் பிடிக்கும் வீடுகளுக்கு இந்தப் படிகள் அப்படியே பொருந்தாது. தோட்ட அலுவலகக் கிராணியிடம் யூனிட் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டு, அடகு, வட்டி

தோட்டத்துப் பெண்கள் பலருக்கு ஒரே சேமிப்பு கூட்டுப் போடுவதுதான். பத்துப் பேர், ஆளுக்கு 100 வெள்ளி, மாதம் ஒருவருக்கு 1,000. பழகின முகம், வங்கிப் படிவம் கிடையாது, கட்டாமல் விட்டால் வெட்கம். சேமிக்க வைக்கும் வலு அதற்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டப்படி கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம். அதனால் நடத்துகிறவர் காசோடு மறைந்தால் அழுகிறவருக்குச் சொல்லிக்கொள்ள இடம் குறைவு. ஏலம் விட்டு எடுக்கும் கூட்டில் அவசரக்காரர் 1,000-க்கு 800 எடுத்துப் போவார். அந்த 200 வட்டிதான், பெயர்தான் வேறு. ஒரே ஆள் நாலு கூட்டுக்குத் தலைமை தாங்குகிறார் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பழையதை அடைக்கப் புதியதைத் தொடங்குகிறார் என்பதற்கு அது அடையாளம்.

சேர்ந்து சேமிப்பது நமக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற நாளில், 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் சிறு சிறு சந்தாவில்தான் தோட்டங்களை வாங்கியது. பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்துக்கும் கூட்டுக்கும் வித்தியாசம் ரசீதிலும் தணிக்கையிலும் இருக்கிறது. எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் அது மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் பதிவானதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவசரத்துக்கு நகையை அடகு வைக்கிறோம். சட்டப்படி அடகுக் கடை மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. மீட்க ஆறு மாதத் தவணை. 1,000 வெள்ளிக்கு மாதம் 20, ஆறு மாதத்துக்கு 120. இஸ்லாமிய முறை அர்-ரஹ்னுவில் எல்லா இனத்தாரும் வைக்கலாம். அங்கே வட்டி இல்லை, பாதுகாப்புக் கூலி உண்டு. கூலியைக் கடன் தொகையில் கணக்கிடாமல் நகையின் மதிப்பில் கணக்கிடுவதால் விழுக்காட்டைக் கேட்டுக் குழம்பாதீர்கள். 'ஆறு மாதம் கழித்து மீட்க மொத்தம் எத்தனை வெள்ளி கொண்டுவரணும்?' என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். அந்த ஒரு தொகையை ஒப்பிட்டால் போதும். எங்கே வைத்தாலும் அடகுச் சீட்டின் கடைசித் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். பல நகைகள் ஏலத்துக்குப் போவது காசில்லாமல் அல்ல, தேதி மறந்து.

உரிமம் பெற்ற வட்டிக் கடை பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 1,000 வெள்ளிக்கு ஒரு வருடத்துக்கு 180. விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டும், உரிமம் இல்லாத வட்டிக்காரனான ஆலோங் 1,000 என்று பேசிவிட்டு முதல் வட்டியைக் கழித்துக்கொண்டு கையில் 800 தருவான். அங்கேயே தெரிந்துவிடும். வங்கிக் கடன், கடன் அட்டை, தவணை எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தால் ஏ.கே.பி.கே.-க்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. சேவை இலவசம். 'உங்கள் கடனை நாங்கள் அடைக்கிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று முகநூலில் வருகிறவர்கள் அவர்கள் அல்ல.

சேமநிதியில் விட்டுவைப்பது

2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குட்பட்டவர்களின் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிகிறது. ஓய்வுக்காலத்துக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் கணக்குக்கு 10. 1,700 வெள்ளிச் சம்பளக்காரருக்கு முதலாளி பங்கோடு மாதம் 408 சேரும். எடுக்கக்கூடிய கணக்கில் 40.80. குறைந்தது 50 வெள்ளி எடுக்கலாம் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வழித்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கும் மற்ற இரண்டுக்கும் ஒரே லாப ஈவுதான். 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். அதைத் தொடாமல் விட்டால் வருடத்துக்கு 490 வெள்ளி அவசர நிதி தானாகச் சேர்ந்துவிடும். குலை குறைந்த மாதத்தில் வேலை நின்றால், மோட்டார் எஞ்சின் போனால், அப்போது எடுக்கலாம். கட்டியிருக்கும் நகையைவிட முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான்.

வீட்டிலிருந்து முறுக்கு சுட்டு விற்கிறவர், துணி தைக்கிறவர், பிள்ளை பார்த்துக்கொள்கிறவர் என்று முதலாளி இல்லாதவர்களுக்கும் சேமநிதியில் வழி உண்டு. ஐ-சாரான் திட்டத்தில் 60 வயதுக்குட்பட்டவர் பதிந்துகொண்டு தானாகக் கட்டலாம். கட்டியதற்கு 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்க்கிறது. 2025 முதல் வருடத்துக்கு 500 வெள்ளி வரை, ஆயுளுக்கு 5,000 வரை. 2,500 கட்டினால்தான் முழு 500 கிடைக்கும் என்று மலைக்க வேண்டாம். 600 கட்டினால் 120 வரும். வேறு எந்த இடத்திலும் ஒரு வருடத்தில் இப்படிக் கிடைக்காது. மாதம் 50 என்று கட்டிவரலாம், தீபாவளிப் பலகார ஆர்டர் காசு வந்ததும் மொத்தமாகவும் போடலாம். உதவித்தொகை காலண்டர் ஆண்டுக் கணக்கில் வருவதால் டிசம்பர் கடைசி நாள் வரை இழுக்காமல் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். பணத்தைச் செலுத்தும் முன், ஐ-சாரானில் பதிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதியாமல் கட்டிய பணம் சேமநிதியில் இருக்கும், ஈவும் வரும், ஆனால் அந்த 20 விழுக்காடு வராது.